இருப்பிடமும் ஓர் அமானிதம்

 



ஒவ்வொரு முஹர்ரம் மாதமும் ஹிஜ்ரத்தைப் பற்றிப் பேசுகிறோம். தவ்ர் குகையைப் பேசுகிறோம், அபூபக்கர் (ரலி) அவர்களின் தியாகத்தைப் பேசுகிறோம். அந்தப் பயணத்தில் இருந்த ஒரு மனிதரைப் பற்றி மட்டும் ஒரு வரியோடு கடந்துவிடுகிறோம். அவர் பெயர் அப்துல்லாஹ் இப்னு உரைக்கித். அவர் முஸ்லிம் அல்ல, குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். பாலைவனத்தில் வழிகாட்டுவதில் கைதேர்ந்தவர், கூலிக்கு அமர்த்தப்பட்டவர். நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் தங்களுடைய இரண்டு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்துக் குகைக்கு வந்துவிடும்படி சொன்னார்கள். இது புகாரியில் பதிவாகியிருக்கிற செய்தி.

அந்த மூன்று நாட்களை நினைத்துப் பாருங்கள். நபியைப் பிடித்துத் தருகிறவருக்கு நூறு ஒட்டகங்கள் என்று குறைஷிகள் அறிவித்துவிட்டார்கள். அன்றைய மக்காவில் நூறு ஒட்டகம் என்றால் ஓர் உயிருக்கான இழப்பீட்டுத் தொகை. வீடு வீடாகத் தேடுகிறார்கள், மலை மலையாக ஆள் அனுப்புகிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தகவல்தான்: முஹம்மது (ஸல்) இப்போது எங்கே இருக்கிறார்? அந்தத் தகவல் அபூபக்கர் (ரலி) வீட்டாருக்குத் தெரியும். மகன் அப்துல்லாஹ் (ரலி) பகலில் மக்காவில் நடப்பதைக் கேட்டுக்கொண்டு இரவில் குகைக்கு வந்து சொல்வார், விடியும் முன் திரும்பிவிடுவார். ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) ஆடுகளை அந்த வழியே ஓட்டிச் செல்வார். மணலில் பதிந்த அப்துல்லாஹ்வின் காலடித் தடம் ஆடுகளின் குளம்பில் அழிந்துபோகும். இதை இப்னு ஹிஷாம் எழுதுகிறார்.

அந்த வீட்டாருக்கு அடுத்து, அந்தத் தகவல் தெரிந்த வெளியாள் இந்தக் கூலிக்கார வழிகாட்டிதான். அவருக்குக் கலிமா இல்லை. மறுமை நம்பிக்கை இல்லை. கிடைக்கப்போவதோ ஒரு பயணத்துக்கான கூலி. வாய் திறந்திருந்தால் நூறு ஒட்டகம். அவர் திறக்கவில்லை. சொன்ன நாளில், சொன்ன இடத்துக்கு, ஒட்டகங்களோடு வந்து நின்றார். கடற்கரை வழியாக அவர்களை மதீனாவின் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் உம்மோடு வரும் இவர் யார் என்று அபூபக்கர் (ரலி) அவர்களைக் கேட்டால், எனக்கு வழிகாட்டுபவர் என்று மட்டும் சொல்வார்கள். பொய்யும் இல்லை, இருப்பிடமும் வெளிப்படவில்லை.

ஒருவர் எங்கே இருக்கிறார் என்ற செய்தி அமானிதம். இந்த ஜுமுஆவில் நான் சொல்ல வந்தது இதுதான்.

இப்போது 1,400 ஆண்டுகளைத் தாண்டி 2020-ம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவின் மதர்போர்டு என்ற செய்தித் தளம் ஒரு செய்தி வெளியிட்டது. தொழுகை நேரத்தையும் கிப்லா திசையையும் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' ஆப்பை நம்மில் பலர் பயன்படுத்தியிருப்போம். சிங்கப்பூரிலுள்ள ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு அது. உலகம் முழுக்க 9 கோடிக்கும் அதிகமான முறை தரவிறக்கப்பட்டதாக அப்போது சொல்லப்பட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளின் போன்களிலும் அது இருந்தது. அந்த ஆப் தன் பயனாளர்களின் இருப்பிடத் தகவலை எக்ஸ்-மோடு என்ற நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தது. எக்ஸ்-மோடு அதை ஒப்பந்ததாரர்களுக்கு விற்றது. அந்த ஒப்பந்ததாரர்கள் வழியாக அது அமெரிக்க ராணுவம் வரை போனது. இதுதான் செய்தி.

நீதியாகப் பேச வேண்டும். ராணுவத்துக்கு நாங்கள் நேரடியாக எதையும் விற்கவில்லை என்று அந்த நிறுவனம் மறுத்தது. எக்ஸ்-மோடு உள்ளிட்ட தரவு நிறுவனங்களோடு இருந்த உறவை உடனே முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோடின் மென்பொருள் துண்டை எல்லா ஆப்களிலிருந்தும் நீக்கச் சொல்லிவிட்டன. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம், அந்த நிறுவனமும் அதன் வாரிசு நிறுவனமான அவுட்லாஜிக்கும் வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்குப் போய் வருபவர்களின் தகவலை விற்கக் கூடாது என்று தடை போட்டது. 'ஸலாத் ஃபர்ஸ்ட்' என்ற இன்னொரு தொழுகை ஆப்பும் பிரான்ஸிலுள்ள ஒரு தரவு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்தது 2021 ஜனவரியில் வெளிவந்தது. அவர்களும் நிறுத்திக்கொண்டதாகச் சொன்னார்கள்.

நிறுத்தினார்கள், சரி. ஆனால் சிந்தித்துப் பாருங்கள். பாங்கு நேரம் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு முஃமின் தன் இருப்பிடத்தைக் கொடுக்கிறான். அது எங்கெங்கோ சுற்றி யார் யார் கையிலோ போய்ச் சேர்கிறது. கலிமா சொல்லாத ஒரு வழிகாட்டி காத்த அமானிதத்தை, திறந்தவுடன் ஸலாம் சொல்லும் ஓர் ஆப் காக்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. போனில் ஜிபிஎஸ் இருக்கிறது. அது தவிர செல்போன் கோபுரம், அக்கம்பக்கத்து வைஃபை இவற்றை வைத்தும் போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். ஆப் தயாரிப்பவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. வெளி நிறுவனங்கள் தயாராகக் கொடுக்கும் துண்டுகளை உள்ளே ஒட்டிக்கொள்கிறார். அப்படி ஒட்டிய துண்டுகளில் ஒன்று, நாம் ஆப்புக்குக் கொடுத்த அனுமதியைப் பயன்படுத்தி நாம் போகிற இடத்தையெல்லாம் தன் முதலாளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பெயர் அனுப்ப மாட்டோம், ஒரு எண் மட்டும்தான் என்பார்கள். அந்த எண் இரவு முழுக்க எந்த வீட்டில் இருக்கிறது, பகலில் எந்தக் கம்பெனியில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு எந்தப் பள்ளிவாசலில் இருக்கிறது என்று பார்த்தால் பெயர் எதற்கு? 2013-ல் 15 லட்சம் பேருடைய 15 மாத செல்போன் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று வெறும் நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும், அந்தக் கூட்டத்திலிருந்து 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று அதில் கண்டார்கள்.

இத்தனைக்கும் தொழுகை நேரத்துக்கு நம் வீட்டு வாசல் வரை தெரிய வேண்டிய தேவையே இல்லை. தீர்க்கரேகையில் ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் வித்தியாசம். நம் பக்கத்தில் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 108 கிலோமீட்டர். அப்படியானால் கிழக்கு மேற்காக ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு விநாடிதான். சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் லுஹர் நேரத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 'கூரம்' என்றோ 'காஞ்சிபுரம்' என்றோ ஊர்ப் பெயரைக் கொடுத்தால் போதும். கிப்லாவுக்கும் அதே கணக்குதான். நம் பள்ளிச் சுவரில் தொங்குகிற தொழுகை நேர அட்டவணை இத்தனை வருடமாக யாரிடமும் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டதில்லை.

நம் ஊர்ப் பக்கம் தறி வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பகலில் வாசல் திறந்துதான் இருக்கும். பட்டு நூல் கொண்டுவருபவர் வருவார், பாவு கொண்டுவருபவர் வருவார், சேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க முதலாளியின் ஆள் வருவார். எல்லோரும் தறி வரைக்கும் வருவார்கள், பேசுவார்கள், போவார்கள். தறி வரை வர அனுமதி இருக்கிறதே என்று அடுப்படிக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை இது. எதற்காக உள்ளே விட்டார்களோ அதோடு நிற்பது மனிதத் தன்மை. தேவைக்காக அனுமதிக்கப்பட்டது அந்தத் தேவையின் அளவோடு நிற்கும் என்று ஃபிக்ஹ் கலையில் அரபிக் கல்லூரி மாணவர்கள் ஓதுகிற விதியும் இதுவேதான்.

அல்லாஹ் தஆலா சூரத்துந் நூரில் 27-வது வசனத்தில், பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல், ஸலாம் சொல்லாமல் நுழைய வேண்டாம் என்கிறான். அடுத்த வசனத்தில், திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்ற கருத்தில் சொல்கிறான். அனுமதி என்றால் மறுக்கவும் முடிகிற அனுமதி. மறுத்தால் முகம் கோணாமல் திரும்ப வேண்டும். இன்றைய ஆப்கள் சில, மறுத்தால் வேலையே செய்ய மாட்டேன் என்கின்றன, அல்லது சம்மதம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கின்றன. வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லை என்பதால், ஆட்சியாளரான உமர் (ரலி) அவர்களின் வீட்டிலிருந்தே திரும்பிப் போனவர் அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி).

இங்கே சிலர் கேட்பார்கள்: ஹஜ்ரத், மறைக்க வேண்டியது ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்? நான் போவது வீடு, கடை, பள்ளிவாசல். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டுமே.

புகாரியிலும் முஸ்லிமிலும் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிற ஒரு சம்பவம் இதற்குப் பதில். ஒருவர் நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒரு துவாரம் வழியாக எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் நபியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒரு சீப்பால் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள். மறைக்க வேண்டிய காரியமா அது? பாவமா? வெட்கப்பட வேண்டியதா? ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும், நீ பார்க்கிறாய் என்று தெரிந்திருந்தால் இதை உன் கண்ணில் குத்தியிருப்பேன் என்ற கடுமையான கருத்தில் பேசினார்கள். அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வைக்காகத்தான் என்றும் சொன்னார்கள். உலகத்துக்கே அழகிய முன்மாதிரியான மனிதர், வாழ்வின் ஒவ்வோர் அசைவும் பதிவாக வேண்டிய மனிதர், தலை கோதும் நேரத்தைக்கூட அனுமதியின்றிப் பார்க்க விடவில்லை. ஒளித்து வைக்க ஏதாவது இருந்தால்தான் வீட்டுக்குக் கதவு வேண்டும் என்று நம்மில் யாரும் நினைப்பதில்லையே.

அபூதாவூத், திர்மிதியில் ஒரு ஹதீஸ் வருகிறது. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அது அமானிதம் என்ற கருத்து. இது ரகசியம், யாரிடமும் சொல்லாதே என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. யாராவது கேட்கிறார்களா என்று கழுத்தைத் திருப்பினாரே, அது போதும். மார்க்கம் அந்த அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கிறது. இன்றைக்கு நாற்பது பக்க ஒப்பந்தத்தில் ஒரு மூலையில் எழுதிவிட்டோம், நீங்களும் சம்மதம் என்று தொட்டுவிட்டீர்கள் என்கிறார்கள். மனிதனின் கழுத்துத் திருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்த மார்க்கத்தில் இருந்துகொண்டு இதை ஒரு சம்மதம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்ந்து வருகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். இருப்பிடத்தைப் பற்றியே ஒரு தீர்ப்பு 2024 ஜூலை 8 அன்று வந்தது. போதைப்பொருள் வழக்கில் கைதான ஒரு வெளிநாட்டவருக்கு ஜாமீன் கொடுத்த டெல்லி உயர் நீதிமன்றம், அவர் இருக்கும் இடம் விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி கூகுள் மேப்பில் குறியிட்டுப் பகிர வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அந்த நிபந்தனையை நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தாலும் அவருடைய நடமாட்டத்தைக் காவல்துறை ஓயாமல் எட்டிப் பார்க்கும்படி ஜாமீன் நிபந்தனை இருக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்தப் பாதுகாப்பு!

2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும், அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் நடமாட்டத்தைப் பின்தொடரக் கூடாது என்பவை அதில் உண்டு. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

அன்பர்களே! இதுவரை பேசியது தூரத்தில் இருக்கிற கம்பெனிகளைப் பற்றி. அவர்களைக் குறை சொல்வது சுலபம், எல்லோரும் தலையாட்டுவீர்கள். இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

ஜமாஅத்துக்கு வருகிற குடும்பப் பிரச்சினைகளில் இப்போது செல்போன் இல்லாத பிரச்சினையே கிடையாது. மனைவிக்குத் தெரியாமல் அவள் போனில் லொக்கேஷனைத் தன் போனுக்கு வரும்படி வைத்துவிடுகிறார் கணவர். பகல் முழுக்க வேலையில் இருந்துகொண்டு அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா வீட்டுக்குப் போனேன் என்றாளே, புள்ளி ஏன் இருபது நிமிடம் வேறொரு தெருவில் நின்றது? மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே விசாரணை ஆரம்பம். கணவனின் போனில் இதையே செய்கிற மனைவிமார்களும் உண்டு. அந்த இருபது நிமிடம் தையல் கடையாக இருக்கும், பஸ் வராமல் நின்றதாக இருக்கும். ஆனால் சந்தேகத்தோடு பார்க்கிற கண்ணுக்குப் புள்ளி மட்டும்தான் தெரியும்.

ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அறிவிக்கிற ஹதீஸைக் கேளுங்கள். பயணத்திலிருந்து திரும்புகிற ஒருவர், குடும்பத்தினர் துரோகம் செய்கிறார்களோ என்று சந்தேகித்தோ, அவர்களின் தவறுகளைத் தேடியோ, இரவில் திடீரென்று வீட்டுக்குள் போய் நிற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மற்றோர் அறிவிப்பில், படையோடு மதீனாவை நெருங்கியபோது உடனே ஊருக்குள் போகாமல் சற்றுப் பொறுக்கச் சொன்னார்கள். தலை கலைந்திருக்கிற மனைவி சீவிக்கொள்ளட்டும், தன்னைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று காரணமும் சொன்னார்கள். வீடு அவனுடையது. மனைவி அவனுடைய மனைவி. பல நாள் பிரிந்திருந்து திரும்புகிறான். அப்படியும் முதலில் தகவல் போகட்டும், பிறகு நீ போ என்கிறார்கள்.

இந்தியச் சட்டம் இதில் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. 2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பளித்தார். மனைவிக்குத் தெரியாமல் அவருடைய செல்போன் அழைப்பு விவரங்களை எடுத்து, விவாகரத்து வழக்கில் ஆதாரமாகக் கொடுத்திருந்தார் கணவர். கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறிப் பெற்றது ஆதாரமாகாது என்றார் நீதிபதி. ஆனால் 2025 ஜூலை 14 அன்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த போன் உரையாடலை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்றது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டது என்றால் அந்தத் திருமணம் ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பதன் அறிகுறி அது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் வேவு பார்க்கலாம் என்று யாரும் புறப்பட வேண்டாம். எதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது நீதிமன்றத்தின் கேள்வி. துருவியது ஹலாலா ஹராமா என்பது வேறு கேள்வி, அதை விசாரிக்கும் மன்றமும் வேறு.

சூரா ஹுஜுராத்தின் 12-வது வசனத்தில் அல்லாஹ் முதலில் அதிகமான சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்கிறான், அடுத்து துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறான், அதற்கடுத்து புறம் பேசுவதைத் தடுக்கிறான். வரிசையைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் துருவத் தோன்றும். துருவினால் ஏதாவது கிடைக்கும், கிடைத்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் வீடுகளில் நடப்பதும் இதே வரிசையில்தான். துருவுவதற்கு அங்கே வருகிற சொல் தஜஸ்ஸுஸ். கையால் தொட்டுத் தடவிப் பார்ப்பது, வைத்தியர் நாடி பார்ப்பது என்பதற்கான வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. ஒற்றனுக்கு ஜாஸூஸ் என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான். பக்கத்திலேயே இன்னொரு சொல் இருக்கிறது, தஹஸ்ஸுஸ். ஹதீஸில் இரண்டுமே தடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் குர்ஆனில் யாகூப் (அலை) அவர்கள் காணாமல் போன மகன் யூஸுஃபையும் அவர் சகோதரரையும் தேடிப் போகும்படி மற்றப் பிள்ளைகளிடம் சொல்லும் இடத்தில் இந்த இரண்டாவது சொல்தான் வருகிறது. தஜஸ்ஸுஸ் பெரும்பாலும் தீயதற்கும், தஹஸ்ஸுஸ் பெரும்பாலும் நல்லதற்கும் வரும் என்று இப்னு கஸீர் (ரஹ்) விளக்குகிறார்கள்.

தேடுவதும் துருவுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். போனில் இரண்டுக்கும் ஒரே பொத்தான்தான். ஒன்று பிள்ளை பத்திரமாக இருக்கிறானா என்று கேட்கிறது. இன்னொன்று மாட்டிக்கொண்டானா என்று கேட்கிறது.

அதனால்தான் இருப்பிடம் பகிர்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இரவுப் பணி முடித்து வருகிற மகள், கம்பெனி வண்டியில் ஏறியதும் தந்தைக்குத் தன் இருப்பிடத்தை அனுப்பட்டும். மினாவின் கூடாரங்களில் வழி தவறிய வயதான ஹாஜிக்கு இது பெரிய உதவி. மறதி நோய் உள்ள பெற்றோரைத் தேட உதவும். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அளவு வைத்துத்தான் அனுப்ப முடியும். அனுப்புகிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும், வீடு வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடலாம். தெரிந்து, சம்மதித்து, தேவையின் அளவுக்கு. இப்படி இருந்தால் அது பாதுகாப்பு. தெரியாமல், எந்நேரமும், குற்றம் தேட என்றால் அது தஜஸ்ஸுஸ்.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோருக்குப் பொறுப்பு இருக்கிறது. சின்னப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்வது கடமையும்கூட. ஆனால் அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், வயது ஏற ஏற விட்டுக்கொடுங்கள். அனஸ் (ரலி) சிறுவராக இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமானது. எங்கே போனாய் என்று தாய் உம்மு ஸுலைம் (ரலி) கேட்டார்கள். நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள் என்றார் அனஸ். என்ன வேலை? அது ரகசியம் என்றார். அந்தத் தாய் அதட்டவில்லை, என்னிடமே மறைக்கிறாயா என்று கேட்கவில்லை. அப்படியானால் அதை யாரிடமும் சொல்லிவிடாதே என்றார்கள். அனஸ் (ரலி) பெரியவரான பிறகும் அதைச் சொல்லவே இல்லை. ரகசியம் காக்கிற ஒரு பிள்ளை உருவானது, ரகசியத்தை மதிக்கிற ஒரு தாயின் மடியில்.

நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் ஆட்டோ, கால் டாக்ஸி ஓட்டுகிறீர்கள், உணவும் பார்சலும் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். தினமும் எத்தனையோ வீடுகளின் இருப்பிடம் உங்கள் கைக்கு வருகிறது. எந்த வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள், எந்த வீடு பகலில் பூட்டியிருக்கிறது என்பதுகூட உங்களுக்குத் தெரியும். இப்னு உரைக்கித்தின் இடத்தில் இன்று இருப்பது நீங்கள்தான். பார்சலைக் கொடுத்ததோடு அந்த அமானிதத்தின் வேலை முடிந்தது. அந்த எண்ணுக்கு இரவில் ஒரு 'ஹாய்' அனுப்புவதும், அந்தத் தெரு வழியாகக் காரணமில்லாமல் இன்னொரு முறை வண்டியை விடுவதும் துரோகம். பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் தொடர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவின்படி முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. நீங்கள் சேர்க்கிற கூலி முழுக்க ஹலாலாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன், அதனால் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கும் ஒன்று. வரன் பார்க்கும் பயோடேட்டாவில் பெண்ணின் படம், தந்தையின் எண், வீட்டின் மேப் குறி எல்லாவற்றையும் போட்டு நூறு பேர் இருக்கிற குழுக்களில் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் குமரிப் பெண்ணிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள். பேச்சு கூடி வந்தால் வீட்டுக்கு வழி சொல்லிக்கொள்ளலாம்.

நம் கூரம் செப்பேட்டைப் பற்றிப் படித்திருப்பீர்கள், பல்லவர் காலத்தது. அந்தக் காலத்துச் செப்பேடுகளில் ஒரு நிலத்தைக் கொடுத்தால் நான்கு பக்கத்து எல்லையையும் எழுதுவார்கள். இன்றும் பத்திரத்தில் எழுதுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முழம் தள்ளிச் சுவர் வைத்தால் கோர்ட்டுக்குப் போகிறோம். சட்டைப்பைக்குள் இருக்கிற போன் வழியாக எல்லை மொத்தமும் திறந்து கிடக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை.

போனில் செய்ய வேண்டியது அதிகமில்லை. அமைப்புகளுக்குள் போய் இருப்பிடம் என்பதைத் திறந்தால், எந்தெந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் வரும். 'எப்போதும் அனுமதி' என்று இருப்பவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேப்புக்கும் டாக்ஸி ஆப்புக்கும் பயன்படுத்தும்போது மட்டும் என்று வைத்தால் போதும். தொழுகை ஆப்புக்கு அனுமதியை எடுத்துவிட்டு ஊரின் பெயரைக் கையால் கொடுங்கள். அப்படியும் அனுமதி கொடுக்க வேண்டுமென்றால், துல்லியமான இருப்பிடம் என்பதை அணைத்துத் தோராயமாக வையுங்கள். டார்ச் லைட், கால்குலேட்டர், விளையாட்டு இவை இருப்பிடம் கேட்டால் அந்த ஆப்பே வேண்டாம். விளம்பரங்கள் என்ற பகுதியில் விளம்பர ஐடியை நீக்கும் வசதி இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள், ஆப்கள் தங்களைப் பின்தொடர அனுமதி கேட்பதையே அணைத்து வைக்கலாம். வீட்டில் யாருடைய போனிலாவது அவருக்குத் தெரியாமல் நீங்களே ஏதாவது வைத்திருந்தால், இன்று அஸருக்கு முன் அதை நீக்கிவிட்டு அவரிடம் சொல்லுங்கள். சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கும்.

கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் நான்கு பேர் தொழுகை முடிந்ததும் ஹவுழுக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்கள் போனைக் கொடுத்தால் இதைச் சரிசெய்து தருவார்கள். கடவுச்சொல்லை நீங்களே போட்டுக் கொடுங்கள், அவர்களிடம் சொல்ல வேண்டாம். பெண்களுக்கு மத்ரஸாவில் ஆலிமா அவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் பாங்குக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள். போன்களை அணைத்து வையுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.